இறால் இருக்கா

ஞாயிறு ஐந்தரைக்கு
கல்லடிப் பழைய பாலத்தில்
என் இடம் நாலாவது தூணுக்கு மேலே.
மடிக்கிற கதிரை, மாஜரின் டப்பாவில் உயிர் இறால்,
பைக்குள் பர்மாப் போர் பற்றிய
தடித்த நூலகப் புத்தகம்.
"மகனுக்கா மிஸ்?" என்று கேட்பார்கள் ஒவ்வொரு முறையும்.
"எனக்குத்தான்."
முத்திரை குத்தும் கை கொஞ்சம் தயங்கும்.

சிலருக்குச் சமையல் குறிப்பு. எனக்கு,
பாலங்களை எப்படிப் பிடித்தார்கள் என்பது.
ஆற்றைக் கடக்கப் படை எந்த நேரத்தைத் தெரியும்,
எந்தச் சேனையைச் சேறு தின்றது,
யார் சப்பாத்து இல்லாமல் வீடு திரும்பினார்கள்.
கணக்குப் படிப்பிக்கிறவள். எண்கள் பிடிக்கும்.
நாற்பத்திரண்டு, ஏப்ரல் ஒன்பது:
முகத்துவாரத்துக்கு அப்பால்
ஹேர்மிஸ் தாண்டுபோனது,
விமானந்தாங்கிக் கப்பல்,
அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லை.
சுழியோடப் போய்வந்த இஸ்ஸதீன் சொன்னான்:
"பீரங்கிக்குக் கீழ ஒரு கலவாய் குடியிருக்கு மிஸ்,
என்ன செஞ்சாலும் வெளிய வராது."
அதைக் கேட்டு ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தேன்.
ஏனென்று தெரியாது.

கைபேசியில் இன்றைய போர்.
ட்ரோன் எடுத்த படம்:
பனிக்குள் ஒருவன் ஓடுகிறான்,
நிற்கிறான், மேலே பார்க்கிறான்,
படம் முடிகிறது.
கீழே யாரோ சிரிப்பு முகம் போட்டிருக்கிறார்கள்.
இன்னொன்றில் மாவுச் சாக்கை
நித்திரைப் பிள்ளையைப் போல
தோளில் சாய்த்துக்கொண்டு ஒருத்தி.
கவிழ்த்து வைத்தேன், இறாலுக்குப் பக்கத்தில்.

"அக்கா, இறால் இருக்கா? கொஞ்சம்?"
அம்பாறையிலிருந்து மோட்டர்சைக்கிளில் வந்தவர்,
பேர் சுமணவீர.
இடது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்.
மூன்று கொடுத்தேன்.
தங்கூசியில் அவர் முடிச்சுப் போட்ட விதம்,
யாரோ வரிசையில் நிறுத்திப் பழக்கிய விரல்கள்.
"ஆமியா?"
"முந்தி. ஆட்லறி."
"எங்க?"
"எல்லா இடமும். மாங்கேணியில எட்டு மாசம்.
வாகரைச் சண்டை நேரம்."

கேட்க எவ்வளவு இருந்தது.
வாசகியாக மட்டும்தான்:
என்ன ரகம், எத்தனை பாகை உயர்த்தி,
வயர்லஸில் இலக்கம் சொன்னது யார்,
சுட்டு முடிய தேத்தண்ணி குடித்தீர்களா,
சீனி இருந்ததா.
மாங்கேணிக்கும் வாகரைக்கும் நடுவில்
வரைபடத்தில் அடிமட்டம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.
என் சுண்டுவிரலில் ஒரு கணு.
அதன் மற்ற முனையில்
பங்கருக்குள் குந்தியிருந்து
ஒன்பதாம் வகுப்புத் தாள் திருத்தினேன்,
கைக்கு வேறு வேலை இருக்கவில்லை.
புறப்படும் சத்தத்திலிருந்து எண்ணுவோம்.
எண்ணிக்கொண்டே சரி போடுவேன்.
வளர்நிலாவுக்கு ஐம்பத்தாறு.
கூட்டிப்போட்டேன். கொடுக்கக் கிடைக்கவில்லை.
மறுகா காடு. மழை. ரிதிதென்னைவரை நடை.
அந்தப் போரைப் பற்றி இன்றுவரை
ஒரு புத்தகமும் இரவல் எடுத்ததில்லை.

அவரிடம் கேட்டேன்:
"ஈயம் எத்தனை அவுன்ஸ் போடுறீங்க?"
"ரெண்டு. இண்டைக்கு இழுவை கூட."
"எனக்கு ஒண்டரை காணும்."
"அக்கா இருக்கிறது நல்ல இடம்" என்றார்,
சிரிக்கவில்லை, பகிடியும் இல்லை.

நீர் திரும்பியபோது
இரண்டு நரம்பும் கீழே எங்கேயோ சிக்கின.
தன் தடியை என் கதிரையில் சாத்திவிட்டு
குனிந்து, பிளாஸ்டிக் காலைப் பக்கவாட்டில் நீட்டி,
பத்து நிமிசம் அவிழ்த்தார்.
நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.
வெட்டியிருக்கலாம். கத்தி என் பையில் இருந்தது.

அவருக்கு ஒரு மணலை. எனக்கு ஒன்றுமில்லை.
மிச்ச இறாலைக் கேட்டார், கொடுத்தேன்.
டப்பாவைத் திருப்பித் தர
அடுத்த ஞாயிறு வருவாராம்.

புத்தகத்துக்குத் தவணை நீட்ட வேண்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன்.
அங்கே மழை தொடங்கிவிட்டது,
இன்னும் யாரும் ஆற்றைக் கடக்கவில்லை.